முதல் வாய் நீ குடி

நைனா,

இன்று காலை பின்தெருப் பெண் ஒருத்தி உன் வாக்கரைக் கேட்டு வந்தாள். அவளுடைய மாமியாரைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இடுப்பு எலும்பு ஆபரேஷன், உனக்குச் செய்த அதேதான். பரணிலிருந்து வாக்கரை இறக்கியபோது அதன் கைப்பிடி ரப்பரில் நீ தலைக்குத் தேய்க்கிற நல்லெண்ணெய் வாசம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அடி ரப்பர்களை அழுத்திப் பார்த்தேன், திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். அப்புறமும் மனசு கேட்காமல், "நெஜமாவே உங்க மாமியாருக்குத்தானா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வாக்கரை வாங்கிப் போய் வேறென்ன செய்துவிடப் போகிறாள், துணி காயப்போடுவாளா? ஆனாலும் கேட்டேன். உன் பெண் வேறு எப்படி இருப்பேன்.

வாசலைத் தாண்டும்போது அவள் சொன்னாள்: "ஆஸ்பத்திரில நல்லாத்தான் சாப்ட்டாங்கக்கா. ஊட்டுக்கு வந்ததுல இருந்து வாயே தொறக்க மாட்டேங்குறாங்க. பால் குடுத்தாக்கூட மூஞ்ச திருப்பிக்கிறாங்க."

நான் அவளைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "பால எதுல குடுக்கற?" என்றேன். ஸ்பூனில்தான் என்றாள். உட்கார முடிந்தால் டம்ளரில் கொடு, கொடுப்பதற்கு முன்னால் அவர் கண்ணெதிரே நீ ஒரு வாய் குடி என்று சொல்லி அனுப்பினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கும்.

சந்தேகப்படுவது உனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. சிப்காட்டில் அந்த இரும்புக் கம்பெனி கேட்டில் காக்கி உடுப்போடு நின்று, வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து பார்த்துக்கொண்டே நீ கிழவனானாய். பித்தளை நட்டு சோற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டு போகும் என்பது உன் கட்சி. அதே கம்பெனியில் நான் பேக்கிங்கில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், மற்ற பெண்களெல்லாம் பார்க்க, என் கேரியரை அடுக்கடுக்காகக் கழற்றினாய். மிச்சமிருந்த கத்திரிக்காய்க் குழம்பை விரலால் ஒதுக்கி அடியில் பார்த்தாய். "நைனா, நான் உன் பொண்ணு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "பொண்ணா இருந்தா கேரியர் தானா தொறந்துக்குமா? தள்ளி நில்லு, அடுத்த ஆளு வரட்டும்" என்றாய். வரிசை முழுக்க ஒரே சிரிப்பு. அன்று வீட்டில் உன்னோடு நான் பேசவில்லை. நீ மட்டும் சோற்றைப் பிசைந்தபடி, "உன்னுத தொறந்து பாத்தாத்தான் மத்தவன் கேரியர தொறக்க எனுக்கு வாய் இருக்கும்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாய். நியாயம்தான். ஆனால் கோபம் ஆற எனக்கு நாளாயிற்று.

வேலையிலிருந்து நின்ற பிறகு நம் வீட்டு வாசலே உனக்கு கேட் ஆகிவிட்டது. சிலிண்டர் கொண்டுவருகிறவனை நிறுத்தி எடை கேட்பாய். மீட்டர் பார்க்க வருகிறவனின் சட்டைப் பையில் தொங்குகிற அட்டையைக் கண்ணுக்கு அருகே வைத்துப் படிப்பாய், உனக்குச் சரியாகப் படிக்க வராது என்பது வேறு விஷயம். அம்மா இருந்தவரை அவள் தடுத்துப் பேசுவாள். அவள் போன பிறகு உன்னைத் தடுக்க ஆளில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீ ட்யூட்டியில்தான் இருந்தாய். "நேத்து ரோஸ் கலர் மாத்தர, இன்னிக்கி இன்னாத்துக்கு வெள்ள?" என்று நர்சம்மாவை நிற்க வைத்துக் கேட்டாய். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வருகிறவர்கள் உண்மையிலேயே சொந்தக்காரர்கள்தானா என்று என் காதில் கிசுகிசுத்தாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் லேசுப்பட்டவள் இல்லை. உன்னை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போன ஆள் வேறு பக்கம் திரும்பினான் என்று அவன் பின்னாலேயே ஓடினேன். அவன் லிப்ட் இருக்கிற பக்கம்தான் திரும்பியிருந்தான்.

அண்ணன் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தது அந்த வாரத்தில்தான். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நீ. அவன் போனை நீட்டி ஒரு கட்டடத்தின் படத்தைக் காட்டினான். வெள்ளை விரிப்பு போட்ட கட்டில்கள், தொட்டியில் செடி. "நீ வேலைக்குப் போற. மாப்ள ஷிப்டுக்குப் போயிடுறாரு. பகல்ல யாரு பாப்பா? சோழவரத்தாண்ட ஒரு ஹோம் கீது. சுத்தமா வெச்சிக்கிறாங்க" என்றான் குரலைத் தாழ்த்தி. நான் லீவு போடுகிறேன், வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்றேன். அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் ஒரு கொக்கி போட்டான்: "சாப்ட்டு, எழுந்து நடந்தாருன்னா சரி. சாப்டாம படுத்தே கெடந்தாருன்னா அப்புறம் நான் யார் பேச்சயும் கேக்க மாட்டேன். ஹோம்தான்."

அண்ணன் கெட்டவன் இல்லை, நைனா. அவன் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத்தான் அந்தப் படத்தில் இருந்த செடியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. நீ தூங்குகிறாய் என்று அவன் நினைத்தான். தூங்கினால் உன் வாய் திறந்திருக்கும். அன்று இறுக மூடியிருந்தது.

அதனால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் நீ சந்தோஷப்படவில்லை. "எதுல போறோம்?" என்றுதான் கேட்டாய். ஆம்புலன்ஸ் என்றேன். "வாணாம். ஆட்டோ கூப்டு" என்றாய். நம் தெருவில் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வருகிறவர்கள் ஆட்டோவில் வருவார்கள். ஆம்புலன்சில் வந்தவர்கள் யாரும் மறுபடி எழுந்து தெருவில் நடந்ததில்லை. அம்மாவும் ஆம்புலன்சில்தான் வந்தாள். ஆபரேஷன் செய்த இடுப்போடு ஆட்டோவில் உட்கார முடியாது என்று நர்சம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்போது நடக்க வைப்பது எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தரம் உனக்குப் புரையேறி மூச்சு திணறியிருந்ததால், நன்றாக நிமிர்ந்து உட்காருகிற வரைக்கும் தலையை உயர்த்தி வைத்து எதையும் ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்றும், சத்து மாவு கலந்த பால் நல்லது என்றும் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். நீ அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

டிரைவர் பெரியபாளையம் வழியாகப் போகாமல் செங்குன்றம் பக்கமாக வண்டியை விட்டார். ரோடு நன்றாக இருக்கும், குலுங்காது என்று நல்ல எண்ணத்தில்தான். படுத்திருந்த உனக்கு ஜன்னலில் மரத்தின் தலையும் போஸ்டர் ஒட்டிய பாலத்தின் அடிவயிறும்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் வழி உனக்குத் தெரிந்துபோயிற்று.

"இது சோழவரம் போற ரோடு."

"நம்ம ஊட்டுக்கும் இதான் நைனா ரோடு."

"அண்ணங்காரன் எங்க?"

"முன்னாடி சீட்டுல."

"டிரைவருக்கு வழி சொல்றதுக்கா?"

அதே சந்தேகம் எனக்கும் வந்திருந்தது. அண்ணன் டிரைவரிடம் ஏதோ கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். சோழவரத்தில் வண்டி வேகம் குறைந்தபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இருக்கிறதே, நோயாளியின் பிடி இல்லை அது. நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முன்னால் ஒரு டிரெய்லர் திரும்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சோழவரத்தைத் தாண்டி, காரனோடைப் பாலத்தில் ஏறிச் சத்தம் மாறிய பிறகுதான் என் கையை விட்டாய். எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

வீட்டில் இறங்கினால் இன்னொரு கூத்து. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியதைப் பார்த்த பக்கத்து வீட்டு வசந்தா அக்கா, என்ன ஏது என்று கேட்காமல், "என்னப் பெத்த ராசா" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். எதிர்வீட்டில் டீவியை நிறுத்தினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் நம் வாசலில், சாவு வீட்டுக்குப் போடுகிற பெஞ்சைக் கொண்டுவந்து போட்டும்விட்டான். ஸ்ட்ரெச்சர் இறங்குகிற நேரத்தில் நீ தலையைத் தூக்கி, "யார்ரா செத்தது?" என்று கத்தினாய். வசந்தா அக்காவுக்கு அழுகை பாதியில் நின்று விக்கல் பிடித்துக்கொண்டது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பெஞ்சைப் பார்த்தாய்.

மறுநாள் முதல் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள், கடைசியாக முகம் பார்த்துவிட வேண்டும் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. போகப் போகிற உயிருக்குச் சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொரு ஸ்பூன் பால் வாயில் விட வேண்டும். அந்தப் பாலை வேறு யாரும் குடிக்கமாட்டார்கள். அம்மாவுக்கு நீதான் முதலில் விட்டாய். உன் சித்தப்பா மகன் சொம்பில் பாலோடு வந்து நின்றான். உன்னிடம் நலம் விசாரித்துக்கொண்டே கண்ணால் என்னிடம் ஸ்பூன் கேட்டான். அவனை வாசலோடு திருப்பி அனுப்பினேன். அவன் பின்னால் வந்தவர்களையும் அனுப்பினேன். உன் கேட்டில் நான் நின்றேன் என்று வைத்துக்கொள். ஆனால் நீ எல்லாவற்றையும் பார்த்துவிட்டாய்.

இதற்குப் பிறகுதான், நர்சம்மா சொன்னபடி, உன் தலைக்குக் கீழே இரண்டு தலையணையை வைத்துவிட்டு, கிண்ணத்தில் பாலும் கையில் ஸ்பூனுமாக நான் வந்தேன்.

நீ பாலைப் பார்த்தாய். ஸ்பூனைப் பார்த்தாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். கேரியருக்கு அடியில் பித்தளை கிடைத்துவிட்டால் அந்த ஆளை எப்படிப் பார்ப்பாயோ, அப்படி. சுவர்ப் பக்கம் திரும்பி வாயை மூடிக்கொண்டாய்.

பால் மட்டுமா? கஞ்சி வேண்டாம், ரசஞ்சாதம் வேண்டாம், இட்லியைக் கரைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஸ்பூனில் வருவது எதுவும் வேண்டாம். உன்னைப் பொறுத்தவரை நானும் எதிரி, அண்ணனும் எதிரி. துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்ற மட்டும் விட்டாய். உன் கன்னம் உள்ளே போய்விட்டது. நடக்க வைக்க வந்த பையன், "சாப்டாம எப்டி தாத்தா காலு நிக்கும்?" என்று கேட்டுவிட்டு உன்னை எழுப்பாமலே போனான். அண்ணன் தினமும் போன் செய்து, "சாப்ட்டாரா?" என்பான். அந்தக் கேள்விக்குப் பின்னால் சோழவரத்துச் செடி நின்றது. நேரில் வந்து பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான்.

எனக்கு உன் மேலும் சந்தேகம் வந்தது, நைனா. இவர் நிஜமாகவே பயப்படுகிறாரா, அல்லது அம்மா பின்னாலேயே போக வழி தேடுகிறாரா என்று. அதைவிட, எல்லோரும் சொல்கிற மாதிரி உன்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத்தான் துப்பில்லையோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் பொறுமை போய்க் கத்திவிட்டேன். "குடிச்சாத்தான் இந்த ஊடு. இல்லன்னா நாளைக்கு உம்புள்ள வந்து ஹோமுக்குத் தூக்கிக்கினு போயிடுவான். எனுக்கு வேற வழி இல்ல. இன்னா பேஜாரு புடிச்ச மனுசன் நீ!"

நீ திரும்பிப் பார்த்தாய். உன் பிள்ளை ஹோமுக்குக் கொண்டுபோகிற எண்ணத்தில் இருந்தால், வீட்டில் எதற்கு ஸ்பூனில் கடைசிப் பால் விடுகிறார்கள் என்று கணக்குப் போட்டிருப்பாய் போல. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கேட்டில் நிற்கிறவனுக்கு அது போதும்.

"ஸ்பூன அப்பால வை. என்னத் தூக்கி ஒக்கார வை."

தலையணையை முட்டுக்கொடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்தேன். வலியில் உன் முகம் கோணியது. பாலை டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

"மொதல் வாய் நீ குடி."

டம்ளரைத் தூக்கி, உதடு படாமல் ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "தூக்கிக் குடிச்சா உள்ள போச்சா இல்லியான்னு எனுக்கு எப்டித் தெரியும்? வாய் வெச்சிக் குடி."

அம்மா ருசி பார்த்த கரண்டியைக்கூடக் கழுவிவிட்டுப் போடு என்று சொல்கிற மனிதன் நீ. எச்சில் என்றால் அப்படி ஒரு அருவருப்பு. நான் வாய் வைத்துக் குடித்தேன்.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டினேன். கேட்டில் நின்று கேரியரைத் திறந்து காட்டிய மாதிரி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, என் உதடு பட்ட இடத்திலேயே வாயை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினாய். ஒரு சொட்டுகூடப் புரையேறவில்லை.

மறுநாள் அண்ணன் வந்தபோது நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். அவனுக்கு நம்ப முடியவில்லை. தன் கையாலேயே கொடுக்க ஆசைப்பட்டு டம்ளரை எடுத்தான். "நீ குடி மொதல்ல" என்றாய். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே பால் பிடிக்காது, வாசனைக்கே குமட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். நாக்கைத் தூக்கியும் காட்டினான். அதற்கப்புறம் அந்தப் படத்தை அவன் யாருக்கும் காட்டவில்லை.

அன்று தொடங்கியது, எதுவானாலும் முதல் வாய் எனக்கு. கஞ்சியில், களியில், காலை நாஷ்டா இட்லியில் ஒரு விள்ளல். மாத்திரையையும் போட்டுக்காட்டச் சொன்னாய், அதற்கு மட்டும் நான் உடன்படவில்லை. வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும், அப்புறம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை வரைக்கும் நடந்தாய். அங்கேயும் டீக்கடைக்காரரை ஒரு வாய் குடிக்கச் சொல்லி அவர் கோபித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். வசந்தா அக்கா உன்னைத் தெருவில் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். நீ தலையை ஆட்டி மறுத்தாய். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் வருகிற வழியில் இருந்தான். காலை வெயில் ஜன்னல் வழியாக உன் போர்வை மேல் விழுந்திருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, "பால் கீதா?" என்று கேட்டாய்.

நீயாகக் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காய்ச்சி ஆற்றி எடுத்துவந்தேன். உன்னைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, வழக்கம் போல முதல் வாய்க்கு டம்ளரைத் தூக்கினேன். உன் கை எழுந்து வந்து டம்ளரின் வாயை மூடியது.

"வாணாம்மா. இத்த நீ குடிக்காத."

"ஏன் நைனா?"

"இது எனுக்கு மட்டும்தான். போய் ஸ்பூன் எடுத்தா."

நான் நகரவில்லை. "குடிச்சிக் காட்டாம குடுத்தா நம்புவியா?" என்றேன்.

"எடுத்தாடி" என்றாய். அதட்டலாக இல்லை.

எடுத்துவந்தேன். நீ வாயைத் திறந்து காத்திருந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, பாலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முதல் ஸ்பூன் விட்டேன். அண்ணன் செருப்போடு உள்ளே ஓடிவந்தான். அவன் கையில் ஸ்பூனைக் கொடுத்தேன். அவன் விட்டது பாதி உள்ளே போயிற்று.

எல்லோரும் வந்து, எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு பார்த்தால், அந்த டம்ளர் ஜன்னல் ஓரத்தில் அப்படியே இருந்தது. பாதிக்கு மேல் பால். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. குடித்துவிடலாம் என்று தூக்கினேன். குடிக்காதே என்று நீ சொன்னது நினைவு வந்து கீழே வைத்துவிட்டேன்.

இப்போது எனக்கு உன் மேல் ஒரு புதுச் சந்தேகம். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் கம்பெனிக்கும் திருவள்ளூருக்கும் அலைந்து பாதி வேளை பட்டினி. வீட்டுக்கு வந்த பிறகும் நீ சாப்பிடாததால் நானும் சாப்பிடவில்லை. எச்சிலுக்கு முகம் சுளிக்கிற ஆள், ஒவ்வொரு வேளையும் என்னை வாய் வைத்துக் குடிக்க வைத்தது பாலைச் சோதிக்கத்தானா? என் வாயைத் திறந்து காட்டச் சொன்னது எதற்கு? நீ உயிரோடு இருந்து, நான் கேட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய். கேரியரைத்தான் திறந்து பார்த்தேன் என்று சொல்லியிருப்பாய்.

மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன், நைனா. முதல் வாயை எடுத்துக்கொண்டு, "மொதல் வாய் நீ சாப்டு" என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். சோறு ஆறிவிடுகிறது.